இசை பிறக்கும் பட்டறைகள் – 9: மெட்டுகளின் கணக்கு

வீணைக்குக் குடம் எத்தகையதோ, மரக் கிதாருக்கு அதன் உள்ளீடற்ற பெட்டி அத்தகையது. கம்பியின் மெல்லிய அதிர்வை வாங்கி, மேற்பலகையையும் உள்ளே அடைபட்ட காற்றையும் அசைத்து, அறை முழுதும் கேட்கும் ஒலியாக மாற்றித் தருவது அந்தப் பெட்டியே என்பதால், மேற்பலகையை எவ்வளவு மெலிதாக இழைப்பது, பக்கப் பலகைகளைச் சூடேற்றி எப்படி வளைப்பது என்பவை பல ஆண்டுப் பயிற்சியில் மட்டுமே கைவரும் நுட்பங்களாக இருந்து வருகின்றன. மின் கிதாரில் இப்பொறுப்பு மரத்திடமிருந்து விலகி, பிக்கப் எனப்படும் காந்தச் சுருளிடம் சென்று சேர்ந்தது. ஒலியைப் பெருக்கும் கடமை இல்லாதபோது உடல் வெறும் கெட்டிப் பலகையாக இருந்துவிடலாம். இதனால்தான் மதுரையின் தல்லாகுளத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில், ரம்பம், உளி, இழைப்புளி, அரம், துளையிடும் கருவி ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, தச்சுக் குடும்பத்தில் பிறக்காத ஒருவரும் தம் முதல் கிதாரைச் செய்ய முற்படுவது வீண்முயற்சி ஆகாது. ஆனால் இந்த எளிமை உடலோடு முடிந்துவிடுகிறது. உடலில் குறைந்த துல்லியம் முழுவதும் தண்டிக்கு, அதாவது இடக்கை பற்றும் நீண்ட கழுத்துப் பகுதிக்குச் சென்று சேர்ந்திருக்கிறது என்பதே, முதல் கருவியைச் செய்யப் புகுபவர் முதலில் உணர வேண்டியது.

மரத்தின் பங்கு எவ்வளவு குறைவு என்பதை இக்கருவியின் தொடக்க வரலாறே காட்டுகிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் போசாம்ப் உருவாக்கி, 1932 முதல் விற்பனைக்கு வந்த முதல் மின் கிதாரின் உடல் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது; அதற்கான காப்புரிமை 1937இல் கிடைத்தது. 1941 வாக்கில் லெஸ் பால் என்ற கிதார் கலைஞர், சதுரமாக அறுத்த ஒரு பைன் மரக்கட்டையில் கழுத்தையும் பிக்கப்பையும் பொருத்தி வாசித்தார். கேட்பவர்களின் கண்ணுக்குக் கிதாராகத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே, அறுத்தெடுத்த பழைய கிதாரின் இரு பக்கங்களை அதன் இருபுறமும் ஒட்டினார். 1950இல் கெட்டி உடல் கிதாரைத் தொழிற்சாலைப் பொருளாக்கிய லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. கழுத்தை உடலோடு பசையால் ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் இறுக்கியது அவருடைய பெரும் கொடை. கழுத்து கோணினால் உடலை விட்டுவிட்டு அதை மட்டும் மாற்றலாம் என்பதால், முதல் முயற்சிக்கு இதைவிடப் பாதுகாப்பான அமைப்பு வேறில்லை.

வீட்டில் செய்த கிதார்களில் உலகறிந்தது, லண்டன் புறநகரான ஃபெல்தமில் 1963 ஆகஸ்டில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பிரையன் மே செய்து முடித்த ‘ரெட் ஸ்பெஷல்’ ஆகும். பின்னாளில் குயின் இசைக்குழுவின் கிதார் கலைஞராகப் புகழ்பெற்ற அவருக்கு அப்போது வயது 16. கடையில் விற்ற கிதாரை வாங்க வசதி இல்லாததால், மின்னணுப் பொறியாளரான தந்தை ஹரால்ட் மேயின் துணையோடு அவர் அதில் இறங்கினார். கழுத்துக்கு, கணப்படுப்பின் மேல் இருந்த பழைய மகோகனிப் பலகை பயன்பட்டது. அதிலிருந்த பூச்சித் துளைகள் தீக்குச்சிகளால் அடைக்கப்பட்டன. கம்பியின் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்புக்கு 1928ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் ஒன்றின் வால்வு சுருள்வில்கள் பயன்பட்டன. தண்டியின் மேல் ஒட்டப்படும் விரற்பலகையின் அடையாளப் புள்ளிகளுக்குத் தாயாரின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் உதவின. தாமே சுற்றிய பிக்கப்புகள் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது வேண்டாத இரைச்சலை எழுப்பியதால் மட்டும், பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகளை விலைக்கு வாங்கிப் பொருத்தினார். வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகும் அவர் மேடையில் வாசித்து வருவது அந்தக் கிதாரையே.

தமிழ்நாட்டு மேடையிலும் மின் கிதாருக்கு நெருங்கிய ஓர் உறவு உண்டு. 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லில் பிறந்து, 2014இல் சென்னையில் மறைந்த மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கையாண்ட கருவி கெட்டி உடல் கொண்ட மின் மாண்டலினே. நான்கு இணைகளாக எட்டுக் கம்பிகள் கொண்ட மேற்கத்திய மாண்டலினில் கமகத்துக்காக இரண்டு கம்பிகளை ஒருசேர இழுப்பது கடினம். மீட்டிய ஒலியும் விரைவில் அடங்கிவிடும். இணைகளை நீக்கி ஒற்றைக் கம்பிகளாக்கி, ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்து, மின்பெருக்கத்தால் ஒலியின் நீளத்தைக் கூட்டிக்கொண்டபோதுதான் அது கர்நாடக இசைக்குரிய கருவியாயிற்று. கருவியைக் கலைஞரின் தேவைக்கேற்ப மாற்றலாம் என்ற துணிவை இம்மண்ணில் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியவர் அவரே என்று கூறலாம்.

மரத் தேர்வில் மதுரைச் சமவெளியின் தட்பவெப்பம் முதன்மையான காரணியாகிறது. கோடையில் காற்று வறண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறும் இவ்வூரில், மரம் தன் நார்களுக்குக் குறுக்காகச் சுருங்கியும் விரிந்தும் கொண்டே இருக்கும். நன்கு உலராத பலகையில் செய்த கழுத்து ஓராண்டுக்குள் முறுக்கிக்கொள்ளும். மரக்கடையில் புதிதாக அறுத்த பலகையைக் காட்டிலும், இடிக்கப்படும் பழைய வீடுகளின் நிலைக்கால், உத்தரம், கதவு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் தேக்கு இதற்கு உயர்ந்தது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு இன்றும் விற்பனைக்கு வருவது மதுரைக்காரர்களுக்கு வாய்த்த வசதி. உடலுக்கு 44 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை போதும். தஞ்சாவூர் வீணைக்கு உதவும் பலாவும் அதற்கு ஏற்றதே. விரற்பலகைக்கு உலகெங்கும் விரும்பப்படும் கருங்காலியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி எனப்படும் ஈட்டி மரமும் சட்டக் காவலுக்கு உட்பட்டவை. ஈட்டி மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 2017 முதல் கட்டுப்பாடு உண்டு. பழைய மரச்சாமான்களிலிருந்து கிடைக்கும் துண்டுகளோடு நிறைவு கொள்வதே நேர்மையான வழி.

இனி மெட்டுகள். தண்டியின் மீது குறுக்காகப் பதிக்கப்படும் உலோகக் கோடுகளே மெட்டுகள். கம்பியை ஒரு மெட்டின் மேல் அழுத்தினால் அதிரும் நீளம் குறைந்து சுருதி உயர்கிறது. நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டித்து மேல் ஸட்ஜம் பிறக்கும் என்பது இயற்கை விதி. அந்த இடைவெளியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மெட்டிலும் அதிர்வெண் 1.05946 மடங்காக, அதாவது இரண்டின் பன்னிரண்டாம் படிமூலமாக, உயருமாறு வைப்பதே கிதாரின் முறை. நடைமுறையில் இது ஓர் எளிய வகுத்தலாகச் சுருங்குகிறது: மீதமுள்ள கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டுக்கான தூரம் கிடைக்கும். மேல்நுனியில் கம்பி தாங்கும் நட்டு என்ற பட்டையிலிருந்து, உடலின் மேலுள்ள குதிரை வரை 648 மில்லிமீட்டர் என்று கொண்டால், முதல் மெட்டு 36.37 மில்லிமீட்டரிலும், இரண்டாவது 70.70இலும், ஐந்தாவது 162.55இலும், ஏழாவது 215.51இலும், பன்னிரண்டாவது மிகச் சரியாகப் பாதியான 324இலும் அமையும்.

இத்தாலியில் வின்சென்சோ கலிலி, வானியலாளர் கலிலியோவின் தந்தை, 1581இல் வெளியிட்ட நூலில் இதே வேலைக்கு 18ஆல் வகுக்கும் முறையைக் கூறினார். அவ்வாறு வைத்தால் பன்னிரண்டாம் மெட்டு உரிய இடத்துக்கு 2.36 மில்லிமீட்டர் முன்னதாகவே விழுந்து, ஒலி ஓர் அரைச்சுரத்தில் எட்டில் ஒரு பங்கு இறங்கி நிற்கும். ஆயினும் விரல் அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி சற்று ஏறுவதால் அந்தக் குறை ஓரளவு ஈடுகட்டப்பட்டது. இன்றைய கிதாரில் மெட்டுகளைக் கணக்குப்படியே வைத்து, இழுவிசையால் ஏறும் சுருதியைக் குதிரையில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிச் சரிசெய்கிறார்கள். நகர்த்தக்கூடிய குதிரை இல்லாமல் முதல் கிதாரைச் செய்வது தேவையற்ற துன்பம்.

அளவு குறிப்பதில் தொடக்கநிலையினர் செய்யும் பெரும்பிழை ஒன்றுண்டு: முதல் மெட்டிலிருந்து இரண்டாவதை, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை என்று தொடர்ந்து அளந்து செல்வது. ஒவ்வொரு அளவிலும் நேரும் சிறு பிழை அடுத்ததில் கூடிக்கொண்டே போகும். நட்டிலிருந்தே எல்லா மெட்டுகளையும் அளந்து, நீண்ட எஃகு அளவுகோலை அசைக்காமல் கூரிய கத்தி நுனியால் கீறிக் குறிப்பதே சரியான முறை. பன்னிரண்டாம் மெட்டில் 1 மில்லிமீட்டர் விலகினால் ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு பிசகும். இசைப் பயிற்சி உள்ள செவி அதை விட்டுவைக்காது.

தஞ்சாவூர் வீணையில் இந்த வேலை முற்றிலும் வேறு வழியில் நடைபெறுகிறது. தண்டியின் இருபுறமும் கருநிற மெழுகை ஏற்றி, அது இளகியிருக்கும்போது 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதித்து, கம்பியை மீட்டிக் காதால் கேட்டு, மயிரிழை நகர்த்தி நிலைநிறுத்துகிறார் வீணை செய்பவர். நாளடைவில் பிசகினால் மெழுகை உருக்கி மீண்டும் வைக்கலாம். 24 மெட்டுகளை நிலையாக அமைத்த பெருமையை, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரின் அமைச்சராயிருந்த கோவிந்த தீட்சிதருக்கு மரபு வழங்குகிறது. கிதாரிலோ 0.6 மில்லிமீட்டர் அகலமே உள்ள வெட்டில் மெட்டை அடித்து இறக்கிய பின் அதை நகர்த்த வழியில்லை. ஆகவே காது செய்யும் வேலையைக் கணக்கு முன்கூட்டியே செய்து முடித்திருக்க வேண்டும்.

ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்கு இணையான விசையால் தண்டியை முன்னோக்கி இழுக்கும். அதை எதிர்க்கத் தண்டியின் உள்ளே, விரற்பலகையை ஒட்டுவதற்கு முன்பே, முடுக்கக்கூடிய ஓர் எஃகுத் தண்டு புதைக்கப்படுகிறது. டிரஸ் ராடு எனப்படும் இதனைக் கிப்சன் நிறுவனம் 1920களிலேயே கையாண்டது. இதை விலைக்கு வாங்குவதே நலம்.

பிக்கப்பின் தத்துவம் 1831இல் ஃபாரடே கண்ட மின்தூண்டலே. காந்தத்தின் மேல் எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுற்றியுள்ள தாமிரச் சுருளில் மின்னழுத்தம் எழுகிறது. பித்தளைக் கம்பியை இக்காந்தம் உணராது. 0.063 மில்லிமீட்டர் தடிப்புள்ள எனாமல் பூசிய தாமிரக் கம்பியை ஏழாயிரம் முதல் எட்டாயிரம் சுற்று வரை சுற்ற வேண்டும். தண்ணீர் மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் காயில் கட்டும் கடைகள் மதுரையில் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே பயன்படும் கம்பி இதைவிடப் பலமடங்கு தடிமனானது என்றாலும், சுற்றைச் சீராக எண்ணிச் செல்வதும், கம்பி அறாத அளவுக்கு இழுவையைக் கையில் உணர்வதும் அக்கைவினைஞர்களிடம் கற்கத்தக்கவை. சுற்றி முடித்த சுருளை உருகிய மெழுகில் ஊறவைத்தால், தளர்ந்த சுற்றுகள் அதிர்ந்து கிளப்பும் கீச்சொலி அடங்கும்.

ஒற்றைச் சுருள் பிக்கப், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் வாங்கிக்கொள்ளும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர், காந்தத் திசையும் சுற்றுத் திசையும் எதிரெதிரான இரு சுருள்களை இணைத்து அந்த ரீங்காரம் ஒன்றையொன்று அழிக்குமாறு செய்தார். கிதாரில் எழும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு என்பதால் அதில் ஆபத்து இல்லை. ஆனால் அது இணையும் ஆம்ப்ளிஃபயர் 230 வோல்ட்டில் இயங்குவது, கிதாரின் கம்பிகளோ அதன் எர்த்தோடு இணைந்திருப்பவை. எர்த் இணைப்பு சரியில்லாத வீட்டில் மின் கிதாரைத் தொடவே கூடாது.

உப்புத்தாள் தேய்ப்பு, வார்னிஷ் பூச்சு ஆகியவற்றைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. அவை மதுரையின் எந்த மரச்சாமான் பட்டறையிலும் கண்டு அறியக்கூடியவை. முதல் கிதாரைச் செய்யத் துணிபவர் உடலை அறுப்பதற்கு முன் தண்டியைச் செய்து முடித்துவிட வேண்டும். அதற்கும் முன்பாக, ஒருமுறை தஞ்சாவூர் சென்று, வீணை செய்பவர் மெழுகில் மெட்டு வைப்பதை அருகிருந்து கண்டும் கேட்டும் வர வேண்டும். பிசகிய மெட்டுக்கும் சரியான மெட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அங்கே அமர்ந்து கேட்டறிந்தவரின் கையில்தான் 17.817 என்ற எண் பயன் தரும்.

(தொடரும்)