சூரியனைப் பற்றிய சாட்சி

சூரியன் வீசும் கிரணங்களுள் ஒரு வகை பூமியின் தரையை எட்டுவதேயில்லை. புற ஊதாக் கிரணங்களில் மிகத் தீவிரமான அவற்றை மேல் வாயுமண்டலம் விழுங்கிவிடுகிறது. எனவே ஆகாயத்திற்கு அப்பாலிருந்தே அவற்றை அளத்தல் கூடும்.

இதனால் நமக்கென்ன என்று சிலர் வினவலாம். இக்கிரணங்கள் மிகுங்கால் மேல் வாயுமண்டலம் சூடேறி விரிகிறது. அங்கே சுற்றும் கலங்கள் தடைபட்டுக் கீழிறங்குகின்றன. அமெரிக்கரின் ஸ்கைலாப் நிலையம் எதிர்பார்த்ததற்கு முன்பே, 1979 ஜூலை 11-ல், வீழ்ந்து மேற்கு ஆஸ்திரேலியாவில் சிதறியதற்குச் சூரியனின் உக்கிரம் கணக்கை மீறியதே முக்கிய காரணமாயிற்று.

2010 பிப்ரவரி 11-ல் நாஸா ஸ்தாபனத்தார் அனுப்பிய எஸ்.டி.ஓ. என்னும் கலத்தில், கொலராடோ சர்வகலாசாலையார் சமைத்த ஈ.வி.ஈ. என்னும் கருவி உளது. 10 விநாடிக்கு ஒருமுறை இக்கிரணங்களை அளப்பதற்கென அமைந்தது அது.

இதில் ஒரு சங்கடமுண்டு. அளக்கப்படும் கிரணங்களே அளக்கும் கருவியை நாளடைவில் மழுக்கிவிடுகின்றன. மங்கியது சூரியனா, கருவியா? இவ்வையத்தைத் தீர்க்க, தரையில் செவ்வனே சோதித்த அதேமாதிரிக் கருவியொன்றை நியூ மெக்ஸிகோவிலிருந்து ராக்கெட்டில் ஏற்றி, சில நிமிஷங்கள் சூரியனை நோக்கச் செய்து, இரு கணக்குகளையும் ஒப்பிடுகின்றனர்.

நெடுநாள் நம்பிய சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்வதே நீதிஸ்தலத்தின் முறை. தன் கருவியின் குறையைத் தானே தேடித் திருத்தும் இந்நேர்மையையே விஞ்ஞானத்தின் மெய்யான பெருமையென நாம் கருதுகிறோம். பிறரை அளக்க முற்படுவோர், பத்திரிகாசிரியராகிய நாம் உட்பட, தம்மையும் அவ்வப்போது அளந்துகொள்வாராக!