எதிர்க்கரையில் எழுந்த நகரம்

மலாய் மொழியில் ‘செபராங்’ என்றால் எதிர்க்கரை. ‘ஜெயா’ நமக்குத் தெரிந்த ஜெயம்தான். பினாங்குத் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில் இருக்கும் செபராங் ஜெயா பிறந்த கதை அதன் பெயரிலேயே இருக்கிறது. தீவில் இடம் போதாமல் போனபோது எந்தப் பக்கம் வளர்வது என்று ஒரு மாநிலம் யோசித்து எடுத்த முடிவுதான் இந்த நகரம்.

1969-இல் ஜார்ஜ்டவுன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வணிகம் தளர்ந்தது, வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. அதே ஆண்டு முதல்வரான டாக்டர் லிம் சோங் இயூவின் காலத்தில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவானது. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. தொழிற்சாலைகள் வந்தன, வேலை கிடைத்தது. ஆனால் தீவின் பரப்பளவு சுமார் 295 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் நடுப்பகுதி மலை. எதிர்க்கரையான செபராங் பிறையோ சுமார் 750 சதுர கிலோமீட்டர்; பெரும்பாலும் சமவெளி. அதனால் கழகம் பிறையில் தொழிற்பேட்டை அமைத்து, அதன் அருகிலேயே செபராங் ஜெயாவைத் திட்டமிட்டுக் கட்டியது. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது.

இன்று செபராங் ஜெயாவில் அரசு மருத்துவமனை, பொது நூலகம், பேரங்காடி எல்லாம் உண்டு. 2019-இல் செபராங் பிறை மாநகர் தகுதி பெற்றது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 9 லட்சத்து 46 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். தீவிலோ 7 லட்சத்து 94 ஆயிரம் பேர்தான்.

அப்படியானால் திட்டம் வெற்றியா? காலையில் பாலத்தைக் கடக்கும் மோட்டார் சைக்கிளோட்டிகளைக் கேட்டால் பாதி வெற்றி என்பார்கள். வீடுகள் எதிர்க்கரைக்கு வந்த அளவுக்கு வேலைகள் வரவில்லை. பெருநிலத்தில் குடியிருந்துகொண்டு தீவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்றும் ஏராளம். வீட்டையும் வேலையையும் பிரித்து வைத்தால் எத்தனை பாலம் கட்டினாலும் நெரிசல் தீராது. 2014-இல் திறக்கப்பட்ட, 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் தொடும் பத்து கவானில் தொழிற்பூங்காவும் குடியிருப்பும் கடைகளும் சேர்ந்தே வளர்வதற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம்.

அடுத்து எங்கே வளர்வது? மலைப்பக்கம் ஏறினால் ஆபத்து. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான இடத்தில் ஏற்பட்ட நிலச்சரிவு 11 உயிர்களைப் பலி கொண்டது. கடலைத் தூர்த்து இடம் பிடிக்கலாம் என்றால், தென்கரை மீனவர்களின் வாழ்வாதாரம் கேள்விக்குறியாகிறது. அங்கே மூன்று செயற்கைத் தீவுகள் என்றிருந்த திட்டம் 2023-இல் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. பெருநிலத்திலும் காலி இடம் என்று எதுவும் சும்மா கிடக்கவில்லை. வயல், சதுப்புநிலம், தோட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மழைநீரை வாங்கிக்கொள்ளும் நிலத்தில் கட்டடம் எழுப்பினால், அந்த நீர் வேறு யாருடைய வீட்டுக்குள்ளாவது போகத்தான் செய்யும்.

இதில் நம் சமூகத்துக்கும் பங்கு உண்டு. செபராங் பிறையின் கரும்பு, ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். தோட்டம் நகரமாகும்போது லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் கதி என்ன என்ற கேள்வி கூடவே வருகிறது. மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகு கேட்பதைவிட, வரைபடத்தில் நிறம் தீட்டும்போதே கேட்பது நல்லது.

அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, மாநில அமைப்புத் திட்டத்தின் வரைவையும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் கருத்தோ ஆட்சேபமோ தெரிவிக்கலாம். அப்படிக் காட்சிக்கு வைக்கும்போது, மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியையும் அழைத்துப் போங்கள். எந்த ஓடை எங்கே ஓடியது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். வரைபடத்தை வாசிக்க உங்களுக்குத் தெரியும்.

புவியியலும் கணிதமும் ஓவியமும் பிடிக்கும் என்றால் இதையே தொழிலாகவும் எடுக்கலாம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் நகரத் திட்டமிடல் பட்டப்படிப்பு உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ சிலர் மேசையில் வரைந்த கோடுதான் இன்று செபராங் ஜெயாவின் சாலையாக இருக்கிறது. அடுத்த கோட்டை வரையும் மேசையில் நம் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்க வேண்டும்.