கால் தயார்... மூச்சு?

அடுத்த மாதம் நான்கு நண்பர்களுடன் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறேன் என்று வானொலியில் சொன்னதிலிருந்து நேயர்கள் கேட்பது ஒன்றுதான்: "பத்துமலை ஏறிப் பழகினால் போதுமா?"

கால்களுக்குப் போதும். முதுகில் பையோடு அந்த 272 படிகளை ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குகிறோம். இறங்கும்போதுதான் முழங்கால் உறுதிப்படும். ஆனால், நாங்கள் வசிக்கும் கிள்ளான் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர். அடிவார முகாமோ 5,364 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் இங்குள்ளதில் ஏறக்குறைய பாதிதான். அதற்கு இங்கிருந்தே பழக வழியில்லை. தினமும் ஓடுகிறவரையும் மலைநோய் விடாது.

மருந்து, நாட்கள். நம் கையில் இருப்பவை இந்த இரண்டும்தான். மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடுங்கள். நாங்கள் 3,440 மீட்டரில் உள்ள நாம்சே பஜாரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறோம்.

1997 மே 23-இல் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்கள் ஆனார்கள். அந்த உச்சிக்குப் போகிறவர்களும் மேல் முகாமுக்கு ஏறி, இறங்கி, மறுபடி ஏறித்தான் உடலைப் பழக்குகிறார்கள்.

விடுப்பும் விமானக் கட்டணமும் வீணாகுமே என்று தலைவலியை மறைப்பவர்கள் உண்டு. அதுதான் ஆபத்து. தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறக்கூடாது. நடை தள்ளாடினால், பேச்சு குழம்பினால் உடனே இறங்க வேண்டும். எங்கள் ஐவரில் ஒருவர் இறங்கினாலும் துணைக்கு இன்னொருவர் இறங்குவார். வீட்டாரிடமும் இதைச் சொல்லிவிட்டோம்.