முதுமைக்கு யார் காவல்? – 7: விடாமல் கேட்ட உறவு

தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆச்சிரமம் என்ற பராமரிப்பு இல்லத்தின் உள்விவகாரம் 2023 பெப்ரவரியில் வெளியே வந்ததற்கு ஒரு குடும்பத்தின் பிடிவாதமே காரணம். திருப்பூரைச் சேர்ந்த முதியவர் ஒருவரை அங்கே சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனால் ஆள் இல்லை. பெங்களூர் இல்லம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டோம் என்றது நிர்வாகம். அங்கும் அவர் இல்லை. குடும்பத்தின் சார்பில் பொலிஸில் முறைப்பாடும் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடப்பட்டன. சோதனைக்குப் போன அதிகாரிகள் 140 பேருக்கு மேல் மீட்டார்கள். அடித்தார்கள், கட்டிப்போட்டார்கள், பாலியல் வன்முறை நடந்தது என்றெல்லாம் குற்றச்சாட்டுகள் எழுந்தன. நிர்வாகி கைதானார், வழக்கு தமிழ்நாட்டுப் பொலிஸின் குற்றப் புலனாய்வுப் பிரிவான சிபிசிஐடியிடம் போனது.

அந்த வளவுக்குள் எத்தனை பேர் அரிசியும் உடுப்பும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள்! கேள்வி கேட்டது ஒரு குடும்பம்.

இங்கே இலங்கையில், சவளக்கடையில் இதை வாசிக்கிறவர்கள், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். உம்மாவும் வாப்பாவும் அதே வீட்டில் மகளோடு இருந்துவிடுவார்கள். முதியோர் இல்லம் என்று வாயெடுக்கவே வெட்கப்படுகிறோம். ஆனால் மகள் வெளிநாட்டிலும் மகன் கொழும்பிலும் இருக்க, சம்பளத்துக்கு வந்த ஒருவர் உம்மாவைப் பார்க்கும் வீடுகள் கிட்டங்கிப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. பெயர்ப்பலகை இல்லை, அவ்வளவுதான். நல்ல மனதோடு பார்க்கிறவர்களே அதிகம் என்று நம்புகிறேன். அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. முதியோர் இல்லங்களில் வேலை செய்வோரில் மூவரில் இருவர், கடந்த ஓராண்டில் ஏதோ ஒரு வகையில் துன்புறுத்தியதைத் தாங்களே ஒப்புக்கொண்டதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஒரு நாள் போய்ப் பார்த்தால் உம்மாவின் காதில் தோடு இல்லை. கேட்டால், "கழண்டு விழுந்திட்டு மகள்" என்பார் உம்மா. மேற்கையில் நாலு விரல் பதிந்த நீலம். "கட்டில்ல இடிபட்ட." இரவைக்குத் தண்ணீர் தரப்போவதும் அதே கைதான் என்பது அவருக்குத் தெரியும். முறைப்பாடு அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தால் மையித்து வீட்டில்தான் உண்மை தெரியவரும்.

கண்டால் உடனே படம் எடுங்கள். திகதியும் நேரமும் குறியுங்கள். நகை, வங்கிப் புத்தகம், ஏரிஎம் அட்டை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். காயம் இருந்தால் வைத்தியசாலைக்குத்தான் முதலில் போக வேண்டும். வைத்தியரின் பதிவு பிறகு சாட்சியாகும். சந்தேகப்படும் ஆளிடமே முதலில் போய்ச் சத்தம் போடாதீர்கள். நீங்கள் போன பிறகு அடி உம்மாவுக்குத்தான் விழும்.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2011இல் திருத்தப்பட்டது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்க்கலாம். களவும் அடியும் குற்றம், அவற்றுக்குப் பொலிஸ். பொலிஸ் அசையவில்லை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனை அலுவலகத்துக்குப் போகலாம்.

அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டப்படி, அரச நிதி பெறும் இல்லத்தின் ஊழியர், குற்றம் நடந்ததாகச் சந்தேகித்தாலே 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். கடும் காயம் என்றால் 2 மணி நேரம்தான். மறைத்தால் தண்டம். அப்படியொரு கடமையை நம் சட்டத்திலும் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். அதுவரை அந்தப் பொறுப்பு வந்துபோகும் உறவுக்கும் பக்கத்து வீட்டுக்கும்தான். பொலிஸுக்குப் போனால் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பாதீர்கள்.