பிரஷர் மாத்திரை: காலையிலா, ராத்திரியிலா?

செப்டம்பர் 29 உலக இதய நாள். அன்று ஊருக்கு ஊர் இலவச முகாம்கள் நடக்கும். அதற்குள் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பிரஷர் மாத்திரையைக் காலையில் போடாமல் ராத்திரி படுக்கப் போகும்போது போட்டால் மாரடைப்பு ஆபத்து 45 சதவீதம் குறையும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா? ஒரு வாசகர் மருத்துவரைக் கேட்காமலே நேரத்தை மாற்றிவிட்டார். இன்னொருவர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வேளையும் போட்டுக்கொள்கிறார். அவருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: அது ஆபத்து. இன்றே எழுதிக்கொடுத்த அளவுக்குத் திரும்புங்கள், மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

மற்றவர்களுக்குச் சுருக்கமான பதில்: எந்த நேரத்தில் போட்டால் மறக்காமல் போடுவீர்களோ, அதுதான் நல்ல நேரம். ஆனால் விடியலுக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு வாட்ஸ்அப் கட்டிய கதை இல்லை.

1985-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் முல்லர் குழு, மாரடைப்போடு வந்த 2,999 பேருக்கு வலி எப்போது தொடங்கியது என்று பார்த்தது. காலை 6 மணியிலிருந்து நண்பகல்வரை எண்ணிக்கை குவிந்திருந்தது. தூக்கத்திலேயே தொடங்கிய வலியை விழித்த பிறகு வந்ததாக நோயாளி சொல்லியிருக்கலாமே என்ற சந்தேகம் எழும். அதற்கும் அவர்களிடம் வழி இருந்தது. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் சி.கே.எம்.பி. என்ற நொதி முதலில் எப்போது உயர்ந்தது என்பதை வைத்து, 703 பேருக்கு மாரடைப்பு தொடங்கிய நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். இரவு 11 மணியோடு ஒப்பிட்டால் காலை 9 மணிக்கு மூன்று மடங்கு.

ஏன் காலையில்? எழுந்ததும் பிரஷர் ஏறுகிறது, அதனால்தான் என்பது வழக்கமான விளக்கம். ராத்திரியே மாத்திரை போட்டால் விடியும்போது மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் என்ற யோசனையும் இதிலிருந்து பிறந்ததுதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஏற்றம் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தால் வருகிறதா, நாம் படுக்கையை விட்டு எழுந்து நடமாடுவதால் வருகிறதா?

இதைப் பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் ஃபிராங்க் ஷீர், ஸ்டீவன் ஷீ ஆகியோர் கையாண்ட முறை என்னை மிகவும் கவர்ந்தது. ஆரோக்கியமானவர்களைப் பகல் இரவு தெரியாத, மங்கலான வெளிச்சம் மட்டுமே உள்ள ஆய்வகத்தில் தங்கவைத்தார்கள். அங்கே ஒரு ‘நாள்’ என்பது 20 மணி நேரம். தூக்கம், சாப்பாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான். உள்ளே இருக்கும் கடிகாரமோ அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது, தன் பாட்டுக்கு ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும். ஒவ்வொரு ‘நாளும்’ தூக்கம் நான்கு மணி நேரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். விழிப்பும் உறக்கமும் சாப்பாடும் இப்படி உள் கடிகாரத்தின் எல்லா மணிகளிலும் ஒருமுறை வந்து விழுந்துவிடும். அதன் பிறகும் அளவுகளில் ஏற்ற இறக்கம் மிஞ்சினால் அது கடிகாரத்தின் வேலை.

2011-இல் வந்த முடிவு நான் எதிர்பார்க்காதது. ரத்த அழுத்தத்தின் உள் தாளம் உச்சத்தைத் தொடுவது விடியலில் இல்லை, இரவு 9 மணி வாக்கில். காலையில் மானிட்டரில் காணும் ஏற்றம் பெரும்பாலும் விழிப்பதாலும் எழுந்து நடமாடுவதாலும் வருவது. அப்படியானால் விடியலுக்கு உரியது எது? 12 பேரை வைத்து நடந்த, 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது பிஏஐ-1 என்ற புரதத்தை. ரத்தம் உறைந்து உண்டாகும் கட்டியைக் கரைக்க உடம்பே டிபிஏ என்ற பொருளைச் சுரக்கிறது. அதையே செயற்கையாகத் தயாரித்து மாரடைப்பு நோயாளிக்கு ஊசியாகவும் போடுகிறார்கள். பிஏஐ-1 இந்த டிபிஏவின் கையைக் கட்டிப்போடும் புரதம். தூங்கினாலும் விழித்தாலும் அது உச்சத்துக்கு வருவது காலை ஆறரை மணியை ஒட்டி. கட்டியைக் கரைக்கும் கை கட்டுண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் நாம் எழுகிறோம். எழுந்து நின்றால் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை கூடுகிறது என்று 1980-களிலேயே அளந்திருக்கிறார்கள்.

ஆகவே விடியலின் ஆபத்தில் ரத்தம் உறைவதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. பிரஷர் மாத்திரையின் நேரத்தை மாற்றுவதால் அது மாறிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரஷருக்கும் அட்ரினலினுக்கும் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது: முல்லரின் ஆய்வில், அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை முன்பே சாப்பிட்டு வந்தவர்களிடம் அந்தக் காலை நேரக் குவிவு காணப்படவில்லை.

இனி அந்த 45 சதவீதம். மாத்திரையையும் அளவையும் மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றி அதிகப் பலன் பெறலாம் என்ற வாக்குறுதிக்குத்தான் ‘கால மருத்துவம்’ என்று பெயர். ஸ்பெயினில் 19,084 பேரிடம் நடந்த ஹைஜியா ஆய்வு 2019-இல் இந்த எண்ணைச் சொன்னது, மாரடைப்புக்கு மட்டும் அல்ல, இதய, ரத்தநாளப் பாதிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து. ஐரோப்பிய இதயவியல் சங்கமும் படுக்கை நேரமே சிறந்தது என்று செய்திக்குறிப்பு வெளியிட்டது. ராத்திரி போட்ட குழுவுக்கும் காலையில் போட்ட குழுவுக்கும் பிரஷரில் இருந்த வித்தியாசம் சில புள்ளிகள்தான். அதற்கு இவ்வளவு பெரிய பலனா என்று நிபுணர்கள் அப்போதே கேட்டார்கள். 2022-இல் பிரிட்டனின் டைம் ஆய்வு வந்தது. 21,104 பேர், ஐந்து ஆண்டுக்கு மேல் கண்காணிப்பு. மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இவை போன்றவற்றால் மரணம்: மாலையில் போட்டவர்களில் 3.4 சதவீதம், காலையில் போட்டவர்களில் 3.7. வித்தியாசம் என்று சொல்ல முடியாத வித்தியாசம். 2025-இல் கனடாவின் பெட்மெட் ஆய்வும் அதையே சொன்னது. 2024-இல் அதே ஐரோப்பியச் சங்கம், வசதியான நேரத்தில் போடலாம் என்று தன் வழிகாட்டுதலில் எழுதியது. வாட்ஸ்அப்பில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது 2019-தான். அதுதான் எனக்குக் கோபம்.

மற்ற கேள்விகளுக்கு:

விடியற்காலை வாக்கிங்கை நிறுத்த வேண்டுமா? வேண்டாம்.

கொழுப்பு மாத்திரை? சிம்வாஸ்டாடின் என்றால் ராத்திரி. அடோர்வாஸ்டாடின் எப்போது வேண்டுமானாலும்.

ஆஸ்பிரின்? இரவில் போட்டால் காலையில் தட்டணுக்களின் ஒட்டும் தன்மை குறைகிறது. மாரடைப்பு குறையும் என்பதற்கு நிரூபணம் இல்லை.

நீர் பிரியும் மாத்திரை? ராத்திரி போட்டால் எழுந்து எழுந்து போக வேண்டிவரும். மருத்துவரைக் கேளுங்கள்.

விடியற்காலை நெஞ்சுவலி வந்தால்? வாயு என்று கஷாயம் குடித்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108.

நைட் ஷிஃப்ட்டில் இருக்கும் மில் தொழிலாளி எப்போது போட வேண்டும்? ஆண்டுக்கணக்கில் மாறி மாறி நைட் ஷிஃப்ட் பார்த்த செவிலியர்களிடம் இதய நோய் கூடுதலாக இருந்தது என்று அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் டைம் ஆய்வு இரவுப் பணியில் இருப்பவர்களைச் சேர்க்கவே இல்லை. உள் கடிகாரம் யாருக்கு மிகவும் குழம்பிக் கிடக்கிறதோ, அவர்களுடைய கேள்விக்கு அதில் பதில் இல்லை.