எங்க ஊருக்கு ஒரு ஜெயில் பார்சல்!

சனிக்கிழமை சாயந்திரம். சிதம்பரம் கீழவீதியில் டீ கிளாஸும் கையுமாக நிற்கிறீர்கள். ஃப்ரெண்ட் மூச்சிரைக்க ஓடி வருகிறான்.

"மச்சி, மேட்டர் தெரியுமா? நம்ம ஊர் பக்கம் ஒரு பெரிய கம்பெனி வருதாம். முந்நூறு பேருக்கு வேலையாம். காய்கறி, பால், சலவை எல்லா கான்ட்ராக்ட்டும் உள்ளூர் ஆளுங்களுக்குத்தானாம்!"

"சூப்பர்டா! என்ன கம்பெனி... ஐ.டி.யா?"

"இல்லடா... ஜெயிலு!"

சிரிக்காதீங்க பாஸ். இந்த டீக்கடை சீன் கற்பனைதான். இந்தியாவில் தனியார் நடத்தும் சிறை ஒன்றுகூட இல்லை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி சிறை என்பது மாநில அரசின் பொறுப்பு. ஆனால், 'ஏன் கூடாது?' என்ற பேச்சு நம்ம நாட்டிலும் எட்டிப் பார்த்தாச்சு. 2022 செப்டம்பரில், ஒரு வழக்கு விசாரணையின்போது உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே.எம்.ஜோசப், ஐரோப்பாவில் தனியார் சிறைகள் இருப்பதைச் சொல்லி, இங்கேயும் பெரிய நிறுவனங்கள் தங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் சிறை கட்டிக் கொடுக்கலாமே என்று ஒரு யோசனையைப் போட்டார். தீர்ப்பு இல்லை, வெறும் பேச்சுதான். ஆனாலும் நாளைக்கே ஒரு கம்பெனி ஃபைலோடு நம்ம மாவட்டத்துக்கு வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? 'வேலை கிடைக்குதுல்ல, வரட்டுமே' என்பீர்களா?

பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன ரவுண்டு போய்ட்டு வந்துடலாம், வாங்க!

ஜெயில் நமக்குப் புதுசா?

கடலூர்க்காரங்களுக்கு ஜெயில் ஒன்றும் அதிசயம் கிடையாது. கேப்பர் மலை செம்மண் மேட்டில் இருக்கும் மத்திய சிறை பிரிட்டிஷ் காலத்து ஆசாமி. பாரதியாரே கடலூரில் கம்பி எண்ணியவர்தான். புதுச்சேரியில் பத்து வருஷம் இருந்துவிட்டு, 1918 நவம்பர் 20 அன்று பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைது. டிசம்பர் 14-ல் விடுதலை. அன்னிபெசன்ட், சி.பி.ராமசாமி ஐயர் போன்றவர்கள் அவருக்காகப் பேசினார்கள். அரசாங்கம் நிபந்தனை போட்டு வெளியே விட்டது.

இதில் ஒன்றைக் கவனிங்க. பாரதியைப் பிடித்தது அநியாயம்தான். ஆனால், அவர் இன்னும் ஒரு மாதம் உள்ளே இருந்திருந்தால் யாருடைய பேங்க் அக்கவுன்ட்டிலும் பணம் ஏறியிருக்காது. அவர் வெளியே வந்ததால் எந்த முதலாளிக்கும் நஷ்டமும் இல்லை. தனியார் சிறையில் மாறுவது இந்த ஒரு விஷயம்தான். ஆனா, அந்த ஒண்ணு எல்லாத்தையும் மாத்திடும்!

மெஸ் பில் மாதிரி ஒரு பிசினஸ்

தனியார் சிறை எப்படி நடக்கிறது? ஹாஸ்டல் வாசிகளுக்கு ஒரு நிமிஷத்தில் புரியும். ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கம்பெனிக்குப் பணம் கட்டும். அதில் சாப்பாடு, மருந்து, காவலர் சம்பளம் எல்லாம் போக மிச்சம்தான் லாபம். அச்சு அசல் மெஸ் கான்ட்ராக்ட்! லாபம் அதிகமாக வேண்டுமா? ரெண்டே வழி. ஒன்று, சாம்பாரில் தண்ணி ஊற்றணும். இல்லேன்னா, இலையில் உட்காரும் தலைகளைக் கூட்டணும்.

மெஸ்ஸில் சாம்பார் சரியில்லை என்றால் நீங்கள் ஸ்ட்ரைக் பண்ணலாம். கோபித்துக்கொண்டு போய்ப் பரோட்டா சாப்பிடலாம். கைதி எங்கே போவார்?

இந்த பிசினஸை நவீன காலத்தில் பெரிசாக்கியது அமெரிக்கா. 1983-ல் டென்னசி மாநிலத்தில் 'கரெக்ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா' தொடங்கப்பட்டது. 2016-ல் 'கோர்சிவிக்' என்று பெயர் மாறிக்கொண்டது. பங்குச் சந்தையில் ஷேர் விற்கும் ஜென்டில்மேன் கம்பெனி! போதைப்பொருள் சட்டங்கள் தளர்ந்தால், தண்டனைகள் குறைந்தால் எங்கள் தொழில் அடிபடலாம் என்று தன் ஆண்டறிக்கையிலேயே முதலீட்டாளர்களுக்கு எச்சரிக்கை எழுதியது. 2012-ல் இதே கம்பெனி 48 மாநிலங்களுக்கு ஒரு கடிதம் போட்டது. 'உங்க சிறைகளை நாங்க விலைக்கு வாங்கிக்கறோம். 20 வருஷ ஒப்பந்தம் போடுங்க. 90 சதவீத இடம் எப்பவும் நிரம்பியிருக்கும்னு உறுதி கொடுங்க' என்பதுதான் அதன் சாரம்.

இன்னொரு தடவை படிங்க. நாட்டில் குற்றம் குறைந்தாலும் 90 சதவீதம் நிரம்பியிருக்கணும்! 2013-ல் ஒரு பொதுநல அமைப்பு இப்படிப்பட்ட 62 ஒப்பந்தங்களை அலசியது. அதில் 41-ல் இந்த 'ஹவுஸ்ஃபுல்' உத்தரவாதம் இருந்தது. அரிசோனாவில் மூன்று சிறைகளுக்கு 100 சதவீதம்! கட்டில் காலியாகக் கிடந்தால்? ஆள் இல்லாத கட்டிலுக்கும் மக்களின் வரிப்பணத்தில் வாடகை.

ஹார்டின்... ஒரு ஊர் ஏமாந்த கதை

இப்போ நம்ம டீக்கடை சீன் நிஜமாகவே நடந்த ஊருக்குப் போவோம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹார்டின். மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். நம்ம பக்கத்து ஒரு பஞ்சாயத்து சைஸ்தான். வேலை இல்லை, வருமானம் இல்லை. வெளியூர் ஆட்கள் வந்து 'ஜெயில் கட்டுங்க, கைதிங்க தானா வருவாங்க, காசு கொட்டும்' என்றார்கள். ஊர்க்காரர்களும் நம்பினார்கள். 2 கோடியே 70 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, 2007-ல் 464 கட்டில்களோடு பளபளவென ஜெயில் ரெடி!

கைதிகள்? ஒருத்தர்கூட வரவில்லை. அடுத்த வருஷமே கடன் தவணை நின்றுபோனது.

ஜெயில் கட்டிட்டு ஆள் தேடி அலையுற ஊரைப் பாத்திருக்கீங்களா? 2009-ல் ஹார்டின் நகர மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. குவான்டனாமோவில் அடைத்து வைத்திருந்த தீவிரவாத வழக்குக் கைதிகளை 'எங்க ஊருக்கு அனுப்புங்க, நாங்க வச்சுக்கறோம்' என்றது! உலகமே திரும்பிப் பார்த்தது. கைதிகள் வரவில்லை.

அதே வருஷம் க்ளைமாக்ஸ். 'அமெரிக்கன் போலீஸ் ஃபோர்ஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டம் கறுப்பு மெர்சிடிஸ் கார்களில் வந்து இறங்கியது. காரில் 'ஹார்டின் நகரப் போலீஸ்' என்று ஸ்டிக்கர் வேறு. அந்த ஊருக்குச் சொந்தப் போலீஸே அப்போது கிடையாது என்பதுதான் காமெடி. ஜெயிலை நாங்கள் எடுத்து நடத்துகிறோம் என்று ஒப்பந்தமும் ஆனது. நிருபர்கள் நோண்டியபோதுதான், அதன் தலைவர் ஏற்கனவே மோசடி வழக்குகளில் மாட்டியவர் என்று தெரிந்தது. ஒப்பந்தம் காற்றில் பறந்தது. ஏழு வருஷம் காலியாகக் கிடந்து, 2014-ல்தான் அந்த ஜெயிலுக்குக் கைதிகள் வந்தார்கள். ரெண்டே வருஷத்தில் அந்தக் கம்பெனியும் நடையைக் கட்டியது.

டெக்சாஸில் லிட்டில்ஃபீல்டு என்ற சின்ன ஊருக்கு வேறு மாதிரி அடி. 2000-ல் கடன் வாங்கிக் கட்டிய சிறையில், ஐடஹோ மாநிலம் தன் கைதிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தது. 2008-ல் ஒரு கைதி உள்ளே தற்கொலை செய்துகொண்டார். ஐடஹோ தன் ஆட்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனது. நடத்திய கம்பெனியும் கிளம்பியது. கடன் மட்டும் ஊரோடு தங்கிவிட்டது. நகராட்சி வரியை ஏற்றி, ஆட்களைக் குறைத்துத்தான் கடனை அடைக்க வேண்டியிருந்தது.

வேலை வருமா? வரும். ஆனா எவ்வளவு? 1969 முதல் 1994 வரையிலான அமெரிக்க மாவட்டக் கணக்குகளைச் சமூகவியலாளர் கிரெகரி ஹூக்ஸும் அவர் சகாக்களும் ஆராய்ந்தார்கள். சிறை வந்ததால் கிராமப்புறப் பகுதிகள் வளர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 'வேலை வரும்' என்ற வாக்குறுதியைக் கடலூர்க்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம். சிப்காட் பக்கத்துக் கிராமங்களில் போய்க் கேளுங்க, வேலையோடு சேர்ந்து வந்த நாற்றத்தையும் சொல்வாங்க.

செமஸ்டர் லீவே இல்லாத ஊர்

சிதம்பரம் ஸ்டூடன்ட்ஸுக்கு ஒரு கேள்வி. செமஸ்டர் லீவில் அண்ணாமலைநகர் எப்படி இருக்கும்? ஜெராக்ஸ் கடை, ஜூஸ் கடை, ரூம் வாடகைக்கு விடுகிற அண்ணன் எல்லாருக்கும் முகம் வாடியிருக்கும். 1929-ல் பல்கலைக்கழகம் வந்ததிலிருந்து இந்த ஊரின் பாதி வியாபாரம் மாணவர்களை நம்பித்தான். 'எப்ப தம்பி காலேஜ் திறக்குறாங்க?' என்று கடைக்கார அண்ணன் கேட்பார். அதில் தப்பே இல்லை. நிறைய பசங்க படிக்க வரணும் என்று அவர் சாமி கும்பிட்டால், அது ஊருக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது.

அதே அண்ணனின் கடை ஜெயிலை நம்பி இருந்தால் என்னவென்று சாமி கும்பிடுவார்? குற்றம் குறையக் கூடாது... ஜாமீன் சீக்கிரம் கிடைக்கக் கூடாது... கட்டில் காலியாகக் கூடாது! அவர் கெட்டவர் இல்லை பாஸ். அவர் பிழைப்பு அப்படி மாட்டிக்கொண்டது. ஒரு நல்ல ஊரே, இன்னொருத்தன் பிள்ளை ஜெயிலுக்குப் போவதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்.

ஓவராப் பேசுறேன்னு தோணுதா? பென்சில்வேனியாவில் லூசெர்ன் என்ற மாவட்டம். அங்கே சிறார்களுக்காக ஒரு தனியார் காப்பகம் கட்டப்பட்டது. கட்டியவரிடமும் அதன் உரிமையாளரிடமும் இரண்டு நீதிபதிகள் லட்சக்கணக்கான டாலர் வாங்கியது அம்பலமானது. அந்தக் கோர்ட்டில் சின்னச் சின்னச் சேட்டைக்கெல்லாம் பசங்களுக்குத் தண்டனை. நம்ம ஆர்குட் மாதிரி அப்போது கலக்கிய 'மைஸ்பேஸ்' தளத்தில் தன் பள்ளி உதவி முதல்வரைக் கிண்டல் செய்து பக்கம் ஆரம்பித்த ஒரு பெண்ணுக்கு மூன்று மாதம்! பிறகு மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான சிறார்களின் தண்டனையை ரத்து செய்தது. நீதிபதிகளில் ஒருவருக்கு 2011-ல் 28 வருஷ ஜெயில். அதுக்குள்ள எத்தனை பசங்களோட படிப்பு போயிருக்கும்!

நம்ம கணக்கு என்ன?

தனியார் சிறை கேட்பவர்களின் நியாயத்தையும் பார்க்கணும். நம் சிறைகள் பிதுங்குகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, நாட்டின் சிறைகளில் 100 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர். அரசாங்கத்திடம் காசு இல்லை, தனியார் கட்டினால் என்ன?

ஆனால் அதே கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. உள்ளே இருந்த 5 லட்சத்து 73 ஆயிரம் பேரில் சுமார் 76 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பே வராதவர்கள். ஜாமீனுக்குப் பணம் கட்ட முடியாதவர்கள், வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் இவர்களில் ஏராளம். இந்தக் கூட்டம் குறைய முதலில் வேண்டியது வேகமான விசாரணையும் ஜாமீனும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், முதல்முறை மாட்டியவர்கள் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் வெளியே விட வேண்டும் என்கிறது பிரிவு 479. கடுமையான சில குற்றங்களுக்கு விதிவிலக்கு உண்டு. 90 சதவீத உத்தரவாதம் கொடுத்த ஒரு அரசாங்கம் இதை அமல்படுத்த எவ்வளவு அவசரம் காட்டும்? யோசிங்க!

எல்லாத் தனியார் சிறையும் நரகம் என்றும் சொல்லிவிட முடியாது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2015-ல் திறந்த ஒரு தனியார் சிறைக்கு, வெளியே போனவர்கள் மறுபடி குற்றம் செய்யாமல் இருந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். எதுக்குக் காசு கொடுக்கறோமோ, அதுதான் விளையும் என்பதற்கு இதுவும் சாட்சி.

கேஸ் போட்ட காலேஜ்!

கடைசியாக உங்களுக்காகவே ஒரு சம்பவம். 2004-ல் இஸ்ரேல் நாடாளுமன்றம் தனியார் சிறைக்குச் சட்டம் போட்டது. பீர்ஷெபா பக்கத்தில் 800 பேருக்கு ஜெயில் கட்டவும் திட்டம். மறு வருஷம் ஒரு சட்டக் கல்லூரியின் மனித உரிமைப் பிரிவு கோர்ட்டுக்குப் போனது. 2009 நவம்பரில் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் கல்லூரி பக்கம்! ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கும் அதிகாரத்தை லாபத்துக்காக இயங்கும் கம்பெனியிடம் கொடுப்பது அவன் சுதந்திரத்துக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது என்று சட்டத்தையே ரத்து செய்தார்கள். சிறை எவ்வளவு வசதியாக இருந்தாலும் பரவாயில்லை, அவனைப் பூட்டி வைக்கும் கை யாருடையது என்பதே முக்கியம் என்றது அந்தத் தீர்ப்பு.

ஸோ, நாளைக்கு யாராவது ஃபைலோடு வந்தால் கைதட்டவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். மூணே மூணு கேள்வி கேளுங்க.

கட்டில் காலியானா யார் காசு கொடுப்பா?

கம்பெனி கிளம்பிட்டா கடன் யார் தலையில?

உள்ள இருக்கிறவன் சீக்கிரம் திருந்தி வெளிய வந்தா உங்களுக்கு லாபமா, நஷ்டமா?

மூணாவது கேள்விக்கு 'நஷ்டம்' என்று பதில் வந்தால், டீயைக் குடிச்சிட்டு நடையைக் கட்டுங்க. நம்ம ஊருக்கு வேண்டிய கம்பெனி அது இல்லை பாஸ்!