சுபஹுக்குப் பின் ஒரு கிட்டார்

1979 நவம்பரில் லண்டன் வெம்பிளியில், சர்வதேச சிறுவர் ஆண்டையொட்டி யுனிசெப்புக்காக ஒரு கச்சேரி நடந்தது. மேடையில் இருந்தவர் பாப் பாடகர் கேட் ஸ்டீவன்ஸ். 1977 இறுதியில் இஸ்லாத்தைத் தழுவி, அடுத்த வருடம் யூசுப் இஸ்லாம் என்று பெயரையும் மாற்றிக்கொண்டிருந்தார். அதுதான் கடைசி மேடை என்று எல்லோரும் நம்பினார்கள், அவரும் உட்பட. அவருடைய கிட்டார்கள் அறப்பணிக்காக ஏலம் போயின. பிறகு 1983இல் லண்டனில் இஸ்லாமியா பாடசாலையைத் தொடங்கினார். குடும்பம், பிள்ளைகள், நிவாரணப் பணி என்று காலம் போனது. இருபது வருடங்களுக்கு மேல் அவர் கிட்டாரைத் தொடவில்லை. ஒருநாள் மகன் ஒரு கிட்டாரை வாங்கிவந்து வீட்டில் வைத்தார். சுபஹ் தொழுகை முடிந்து, மற்றவர்கள் எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் தகப்பன் அதை எடுத்து மடியில் வைத்தார். 2006இல் ‘அன் அதர் கப்’ என்ற இசைத்தட்டு வெளிவந்தது. அதற்கு முந்திய பாப் இசைத்தட்டு வந்து 28 வருடங்கள் ஆகியிருந்தன.

கிழக்கிலங்கையில், எங்கள் நற்பிட்டிமுனையிலும் கல்முனையிலும் இந்தக் கதையைச் சொன்னால் இரண்டு விதமான கேள்விகள் வரும். “அப்ப அது ஹறாம் இல்லையா?” என்பது ஒன்று. “விரல் நோகல்லையா?” என்பது மற்றது. இரண்டாவதைக் கேட்பவர் ஒரு காலத்தில் வாசித்தவர் என்று உடனே கண்டுகொள்ளலாம்.

நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஒழுங்கைகளில் வாழும் ஊர் இது. ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் வானொலியில் ஒலித்த காலத்தில் வளர்ந்த பொடியன்களுக்கு ஜீ, சீ, டீ என்ற மூன்று கோட் தெரிந்தாலே கலியாண வீட்டுக் கொட்டிலில் ஓர் இரவை ஓட்டிவிடலாம். வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் மட்டக்களப்பு. அங்கே போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வயலினும் கிட்டாருமாகக் கப்றிஞ்ஞா ஆட்ட இசையை இன்னும் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளத்தை எடுத்துத்தான் பொலிஸ்காரரான வொலி பஸ்தியன் சிங்கள பைலாவை நாடெங்கும் கொண்டுபோனார். அந்த ஆறு-எட்டுத் தாளம் நம் கரைக்கு வர நெடுந்தூரம் நடக்கவேண்டியிருக்கவில்லை.

அந்தப் பொடியன்கள் பிறகு வாசிப்பை விட்டார்கள். சிலர் கட்டாருக்கோ சவூதிக்கோ போனார்கள். சிலருக்குக் கலியாணம். கடலோரம் இருந்தவர்களில் சிலருக்கு 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வீடே இருக்கவில்லை, கிட்டாரைப் பற்றி யார் யோசித்தார்கள்? எனக்கு இப்படிப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரு கம்பி அறுந்தது. நாளைக்கு வாங்கலாம் என்று அலுமாரிக்கு மேலே வைத்தேன். பெரும்பாலானோர் விட்டதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன், காரணங்களைப் பிறகுதான் தேடிக்கொள்கிறோம்.

அலுமாரிக்கு மேலிருந்து இறக்கும் கிட்டார் வைத்தபோது இருந்த கிட்டார் அல்ல. இரும்புக் கம்பிகள் ஆறும் முழுச் சுருதியில் இருக்கும்போது சேர்ந்து எழுபது கிலோவுக்கும் மேலான இழுவையைக் கொடுக்கின்றன. அந்த இழுவையில் பல வருடம் கிடந்தால் கழுத்து வளையும், பாலம் ஒட்டிய இடத்தில் பலகை புடைக்கும். கம்பிக்கும் பலகைக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். அதை அழுத்த முடியாமல் “எனக்கு வயசு போய்ட்டுது” என்று திரும்ப மேலே வைத்தவர்கள் உண்டு. வயதைக் குற்றம் சொல்லுமுன் கழுத்தை ஒரு தடவை பாருங்கள். உள்ளே திருகு இரும்பு இருந்தால், தெரிந்தவர் ஒருவர் கால் சுற்று திருப்பிச் சரிசெய்துவிடுவார். தடித்த கம்பிகளைக் கழற்றிவிட்டு, பத்தாம் இலக்க மெல்லிய கம்பிகளைப் போடுவதில் ஒரு வெட்கமும் இல்லை. நைலோன் கம்பிக் கிட்டார் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் இரும்புக் கம்பிக் கிட்டாருக்கு நைலோனும், நைலோன் கிட்டாருக்கு இரும்பும் மாட்டக்கூடாது.

பிறகு நம் காற்று. மழைக்காலத்தில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும் நாட்களில், வாடைக்காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் உப்புகிறது, கம்பிகள் உயர்கின்றன. கச்சான் வீசும் மாதங்களில் அதே மரம் உலர்ந்து சுருங்க, கம்பி உலோகக் கட்டையில் பட்டு இரைகிறது. கடலுப்பு ஏறி, புதுக் கம்பியும் சில வாரங்களில் கறுத்துவிடும். ஐரோப்பிய வகுப்புகள் ஈரப்பதமூட்டும் கருவி வாங்கச் சொல்லும். நமக்கு அதற்கு நேர்மாறானதுதான் பெரும்பாலும் தேவை. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்து உறைக்குள் போடலாம். வாசித்து முடிந்ததும் உலர்ந்த சீலையால் கம்பியைத் துடைக்க வேண்டும். இன்னொன்றை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை: வுழு எடுத்த கையோடு கிட்டாரைத் தொடாதீர்கள். நனைந்த தோல் மிருதுவாக இருக்கும், கம்பி அதை எளிதில் அறுக்கும், கம்பியும் துருப்பிடிக்கும். ஐந்து நேரமும் தொழுகிறவருக்கு விரல் நுனி காய்த்துப்போக மற்றவரைவிடக் கொஞ்சம் கூட நாள் பிடிக்கும் என்பது என் சொந்தக் கணிப்பு.

காய்ப்பு சில வாரங்களில் வந்துவிடும். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து விரலைப் புண்ணாக்குவதைவிட அது மேல். எஃப் கோட்டை மூன்று மாதத்துக்கு மறந்துவிடுங்கள். இதெல்லாம் சுலபமான பகுதி.

சிக்கல் காதில் இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவனுக்குத் தன் வாசிப்பு எவ்வளவு மோசம் என்று தெரியாது, அந்த அறியாமை அவனைக் காப்பாற்றுகிறது. திரும்பி வருகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. இருபது வயதில் தன் கை எழுப்பிய ஒலி காதில் அப்படியே கிடக்கிறது, அதுவும் நாளாக நாளாக மெருகேறி. இன்றைய கை அதன் பக்கத்திலும் போகாது.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் பாட் மார்ட்டினோவுக்கு 1980இல் மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கண் விழித்தபோது பெற்றோரையும் தெரியவில்லை, கிட்டாரும் தெரியவில்லை. வீட்டில் தகப்பன் அவருடைய பழைய இசைத்தட்டுகளைப் போடுவார். அந்த ஒலி அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை, வதையாக இருந்தது. ஆனால் பின்னர் அதே தட்டுகளைக் கேட்டு, தன்னிடமே மாணவனாகி, அடியிலிருந்து பழகினார். 1987இல் ‘த ரிட்டர்ன்’ வந்தது, 2018இல் நோய் தடுக்கும்வரை மேடைகளில் வாசித்தார், 2021இல் இறந்தார். எல்லாம் மறந்துபோனவரே மீண்டாரே என்று இந்தக் கதையை ஊக்கத்துக்காகச் சொல்வார்கள். எனக்கு அது வேறுமாதிரித் தெரிகிறது. அவர் பழைய தன்னை ஓர் ஆசிரியராக ஏற்றுக்கொண்டார். நாம் பழைய நம்மைப் போட்டியாளனாக வைத்திருக்கிறோம்.

இனி அந்த முதல் கேள்வி, ஹறாமா இல்லையா என்பது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நான் ஓட்டுக் குந்தில் இருந்து கம்பி பூட்டிக்கொண்டிருந்தபோது ஒழுங்கையால் போன ஒருவர் நின்றார். “என்ன காக்கா, பேரப்புள்ளைக்கா?” என்றார். “எனக்குத்தான் தம்பி.” அவர் கொஞ்சம் யோசித்தார். “றபான் எண்டாப் பரவாயில்ல.”

அவர் சொன்னதில் ஒரு நீண்ட மரபு இருக்கிறது. தோல் வாத்தியத்துக்கு இடம் கொடுத்து நரம்பு வாத்தியத்தைத் தவிர்க்கும் கருத்து பழையது. இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் இசை கேட்பதற்கென்றே ஒரு பாகம் ஒதுக்கினார். நல்ல குரலையும் பாட்டையும் ஆதரித்தார். ஆனால் தந்தி வாத்தியங்களையும் குழல்களையும் மதுச்சபையின் அடையாளம் என்று விலக்கினார். அதே உலகில்தான் அல்-பாராபி இசைக்கென ஒரு பெருநூல் எழுதினார், சிர்யாப் பக்தாதிலிருந்து குர்துபாவுக்கு ஊத் வாத்தியத்தைக் கொண்டுபோனார். யூசுப் இஸ்லாமும் இதையெல்லாம் யோசித்துத்தான் திரும்பினார். 2014இல் தான் ஏன் இன்னும் கிட்டார் சுமக்கிறேன் என்று ஒரு சிறு நூலே எழுதினார். ஸ்பானிய முஸ்லிம்களின் வழியாகத்தான் ஐரோப்பாவுக்குக் கிட்டாரின் வரலாறு வருகிறது என்பதும் அவர் வாதங்களில் ஒன்று. அவரை ஏற்காத உலமாக்களும் உண்டு. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அவர் விட்டதையும் யோசித்து விட்டார், எடுத்ததையும் யோசித்து எடுத்தார். அந்த இருபது வருடமும் அவருக்கு வீணாகவில்லை என்பதே என் எண்ணம். அறுந்த கம்பியைச் சாக்காக வைத்து விட்ட என்போன்றவர்களுக்கு அந்தப் பெருமை கிடையாது. பாங்கு நேரத்திலும் இஷாவுக்குப் பிறகும் வாசிப்பதில்லை, ஒழுங்கைப் பக்கம் உட்காருவதில்லை என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறேன். அந்தத் தம்பியும் இப்போது நின்று பார்ப்பதில்லை, ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறார்.

2020இல் யூசுப் தன் ஐம்பது வருடப் பழைய இசைத்தட்டு ஒன்றை முழுவதும் மீண்டும் பதிவுசெய்தார். அதில் தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளும் பாட்டு ஒன்று இருக்கிறது. தகப்பனின் பகுதியை எழுபது வயது கடந்த யூசுப் பாடுகிறார். மகனின் பகுதிக்கு, 1970இல் லொஸ் ஏஞ்சலீஸில் தான் பாடிய பழைய ஒலிப்பதிவையே எடுத்துப் பொருத்தினார். பழைய குரலோடு போட்டி போடாமல் அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார்.

நமக்குப் பழைய ஒலிப்பதிவு ஏது? பழைய பாட்டுகளை அன்று வாசித்த வேகத்தில் வாசிக்க முயல்வதை நான் விட்டுவிட்டேன். இப்போது முயல்வது நம் பக்கத்துக் கவி. வயலில் காவல் இருந்தவர்களும் வீட்டில் பெண்களும் பாடிய கவிக்குக் கட்டான தாளம் இல்லை, மூச்சு நீளும் மட்டும் அடி நீளும். ஜீ, சீ, டீ என்று கோட் அடித்தால் பாட்டு நொண்டும். ஆறாவது கம்பியை ஈயிலிருந்து டீக்கு இறக்கி, அதையும் நாலாம் கம்பியையும் மட்டும் மெல்லத் தட்டி ஒரு சுருதியாக வைத்துக்கொண்டால் பாடுகிறவர் விரும்பிய இடத்தில் நிற்கலாம். எஃப் கோட் தேவையே இல்லை. கோட் மாற்ற வேண்டியதில்லை என்பதால் இடதுகைக்கும் வேலை குறைவு. என் உம்மாவின் வயதில் இருக்கும் ஒருவரிடம் இதை வாசித்துக் காட்டினேன். “சத்தம் கூட” என்றார். பிக்கை வைத்துவிட்டு விரலால் வாசித்தேன். “இப்ப படிக்கலாம்” என்று தொண்டையைச் செருமினார்.